சுங்கச்சாவடியில் ஒரு வாக்கியம்



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் ‘இலக்கணம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். நிறைந்திருக்கிறது. அதற்கு நன்றியாக ஒரு வாக்குத் தருகிறேன். இன்று யாரையும் எழுப்பி நூற்பா ஒப்பிக்கச் சொல்லமாட்டேன். பயணம் போகப்போகிறோம், அவ்வளவுதான். ஐரோப்பிய மொழிகளின் இலக்கண விந்தைகளை, நமக்குப் பழகிய ஆங்கிலத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கப்போகிறோம்.

இந்தத் தலைப்பு எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு தொலைபேசி அழைப்பில். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, செவிலியர் படிப்பு முடித்தவள், ஜெர்மனிக்கு வேலைக்குப் போக மொழி வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் நாள் ராத்திரி என்னை அழைத்தாள். “மாமா, இந்த மொழியில கரண்டி ஆம்பளையாம், முள்கரண்டி பொம்பளையாம், கத்தி ரெண்டும் இல்லையாம். அதுகூடப் போகட்டும். சின்னப் பொண்ணும் கத்தியோட சேர்ந்து ரெண்டும் இல்லையாம்! இது என்ன மாமா நியாயம்?”

நியாயம் கேட்ட அந்தப் பெண்ணுக்கு அன்று ராத்திரி என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஐந்தே சொற்கள்: “மை ஃப்ரெண்ட் வென்ட் டு டவுன்.” மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இதை நான் வேண்டுமென்றே தமிழில் சொல்லாமல் வைத்திருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும். இந்த வாக்கியத்தை ஒரு காரில் ஏற்றுவோம். லண்டனில் கிளப்பி ஐரோப்பா முழுக்க ஓட்டுவோம்.

நெடுஞ்சாலையில் போனால் என்ன வரும்? சுங்கச்சாவடி வரும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் கல்யாணத்துக்குப் போகிறாரா, துக்கத்துக்குப் போகிறாரா என்று சாவடி கேட்பதில்லை. அதற்கு வேண்டிய காசை மட்டும் கேட்கும். கொடுத்தால் கட்டை தூக்கும், கொடுக்காவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு மொழியும் தன் எல்லையில் இப்படி ஒரு சாவடி வைத்திருக்கிறது. அங்கே காசுக்குப் பதில் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த வாக்கியமும் உள்ளே போக முடியாது. தாய்மொழிக்காரருக்கு மட்டும் கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கிறது. அவர் வண்டி நிற்காமல் போகும். காசு போவதே அவருக்குத் தெரியாது.

கிளம்புவோமா?

முதல் சாவடிக்குக் கடல் தாண்டவே வேண்டாம். லண்டனிலிருந்து மேற்கே போனால், அதே தீவிலேயே, வேல்ஸ். அங்கே வேல்ஷ் மொழி. அம்மாவுக்கு அங்கே ‘மம்’ என்று பெயர். ‘அவன் அம்மா’ என்று சொல்லவேண்டுமானால் ‘ஈ வம்’. ‘அவள் அம்மா’ என்றால் ‘ஈ மம்’. கவனித்தீர்களா? அவனுக்கும் ‘ஈ’, அவளுக்கும் ‘ஈ’. பிள்ளை ஆணா பெண்ணா என்பதைப் பக்கத்தில் நிற்கிற அம்மாவின் முதல் எழுத்து சொல்கிறது! மகனுக்கு அம்மாவானால் ‘ம’ போய் ‘வ’ வந்துவிடுகிறது. புதிதாகப் படிக்கிறவர் அகராதியில் ‘வ’ வரிசையைப் புரட்டினால் அந்த அம்மாவைக் கண்டுபிடிக்கவே முடியாது. புணர்ச்சி விதி நமக்குப் புதிதா? மகரம் கெடுவதும் திரிவதும் நாம் பார்க்காததா? ஆனால் வருமொழியின் முதல் எழுத்தைத் திரித்து, அந்தத் திரிபிலே ஆண் பெண்ணை ஒளித்துவைப்பது, அது வேல்ஷ்காரர் கைவண்ணம்.

அதே வேல்ஷ்காரரிடம் “வருவாயா?” என்று கேளுங்கள். பொதுவாக ‘ஆமாம்’ என்று ஒரு சொல்லை எடுத்து நீட்டமாட்டார். கேள்வியில் வந்த வினையையே திருப்பிப் போடுவார். நாம் “வருவேன்” என்பதில்லையா, அதுபோல. “யெஸ்”, “நோ” என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கிற ஆங்கிலேயருக்கு இது விந்தை. நமக்கு?

இப்போது ஆங்கிலக் கால்வாயைத் தாண்டுவோம். பிரான்ஸ். சாவடி கேட்கிறது: “உன் ஃப்ரெண்ட் ஆணா, பெண்ணா?” ஆங்கில வாக்கியம் விழிக்கிறது. அதன் பெட்டியில் அந்தத் தகவலே இல்லை. பிரெஞ்சில் நண்பர் ஆணானாலும் பெண்ணானாலும் காதுக்கு ‘அமி’தான், ஒலியில் வேறுபாடு இல்லை. எழுதும்போதுதான் பெண்ணுக்கு ஓர் எழுத்து கூடும். பேசிக்கொண்டே போகிறவர் தப்பித்துவிடலாம். எழுத உட்கார்ந்தவர் மாட்டிக்கொள்வார்.

ஆளுக்கு மட்டுமா இந்தக் கேள்வி? சூரியனுக்கும் உண்டு, சந்திரனுக்கும் உண்டு, மேசைக்கும் உண்டு. பிரெஞ்சில் சூரியன் ஆண், நிலா பெண். எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குப் போங்கள். சூரியன் பெண்ணாகிவிடுகிறது, நிலா ஆணாகிவிடுகிறது! வானத்தில் ஒரே சூரியன்தான், ஒரே நிலாதான். கீழே கோடு கிழித்தவன் மனிதன்.

இப்போது என் மருமகளின் கேள்விக்கு வருகிறேன். ஜெர்மனில் சின்னப் பெண்ணுக்கு ‘மேட்ஷன்’ என்று பெயர். அந்தச் சொல்லின் வாலில் இருக்கும் ‘ஷன்’ ஒரு செல்ல விகுதி. எதையாவது சின்னதாக்கி, செல்லமாக்கிச் சொல்ல அதை ஒட்டுவார்கள். அது ஒட்டிய சொல் எதுவானாலும் மூன்றாம் பாலுக்குப் போய்விடும். பெண் என்பதால் அவளைத் தள்ளிவைக்கவில்லை. செல்லம் கொஞ்சியதில் பால் பறிபோய்விட்டது. 1880-இல் ஜெர்மன் மொழியைக் கிண்டல் செய்து ஒரு நெடுங்கட்டுரை வெளியிட்ட அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், கிழங்குக்குக் கொடுக்கிற பெண்பாலைக் குமரிக்குக் கொடுக்கவில்லையே என்று இதைப் பிடித்துக்கொண்டு புலம்பினார்.

நான் கேட்கிறேன். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? “பாப்பா தூங்குது.” “குழந்தை அழுகிறது.” உயர்திணை, அஃறிணை என்று உலகத்தையே இரண்டாக வகுத்த நாம், பெற்ற பிள்ளையை அஃறிணையில் வைத்துத்தானே கொஞ்சுகிறோம்? ஜெர்மானியர் செய்ததும் அதுதான். அங்கே நியாயம் கேட்க நமக்கு வாயில்லை!

சரி, ஆங்கிலேயருக்கு வாயுண்டா? அவர்கள் வீட்டுப் பழைய பரணைக் கிளறிப் பார்ப்போம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் மூன்று பாலும் இருந்தன. சூரியன் பெண், நிலா ஆண், அப்படியே ஜெர்மன் போல. பெண்ணைக் குறிக்க அப்போது இருந்த சொற்களில் இரண்டைப் பாருங்கள். ஒன்று ‘வீஃப்’. இன்றைய ‘வைஃப்’ அதிலிருந்து வந்தது. அது மூன்றாம் பால்! மற்றொன்று ‘வீஃப்மன்’. இன்றைய ‘வுமன்’ அதிலிருந்து வந்தது. அதன் பால் என்ன தெரியுமா? ஆண்பால்! பெண் என்ற சொல்லே ஆண்பாலாக இருந்த வீட்டிலிருந்து வந்தவர்களா ஜெர்மன்காரரைப் பார்த்துச் சிரிப்பது?

அப்படியானால் ஆங்கிலத்தின் அந்தச் சாவடியை இடித்தது யார்? வடக்கிலிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளைக் கைகாட்டுகிறார்கள் அறிஞர் பலர். அவர்கள் மொழியும் ஆங்கிலமும் பங்காளிகள். வேர்ச்சொல் ஒத்துப்போகும், விகுதி ஒத்துப்போகாது. சந்தையில் மாடு விலை பேசும்போது எவன் விகுதியைப் பார்ப்பான்? வேரைச் சொல்லி வாலை விழுங்கினால் வியாபாரம் முடிந்தது. அதற்குமேல் 1066-இல் நார்மன்கள் வந்தார்கள். அரண்மனை பிரெஞ்சு பேசியது. ஆங்கிலம் வயல்காட்டு மொழியாயிற்று. எழுதித் திருத்த ஆளில்லாத மொழியில் விகுதிகள் தேய்ந்தன, தேய்ந்து விழுந்தன, அவற்றோடு பாலும் விழுந்தது. ஆங்கிலம் எளிமையை விரும்பி எளிமையாகவில்லை. அடிபட்டு எளிமையானது.

நண்பர்களே, கொஞ்சம் களைப்பாக இருக்கும். வழியில் ஒரு காப்பிக் கடையில் இறங்குவோம். குடித்துவிட்டுக் காசு கொடுக்கவேண்டுமே, எண்ணத் தெரியவேண்டாமா?

பாரிஸ் கடைக்காரர் தொண்ணூற்றொன்பது என்பதை எப்படிச் சொல்வார்? ‘நான்கு இருபது பத்து ஒன்பது.’ நான்கு இருபது எண்பது, அதோடு பத்து, அதோடு ஒன்பது. பில் கொடுப்பதற்குள் கணக்குப் பரீட்சை! பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் முந்நூறு பார்வையற்றோருக்காகப் பாரிசில் ஓர் இல்லம் அமைத்தார். அதன் பெயரே ‘பதினைந்து இருபது’. கண் மருத்துவமனையாக இன்றும் அதே பெயரோடு நடக்கிறது. பக்கத்து பெல்ஜியத்தில் அதே பிரெஞ்சு பேசுகிறவர்கள் தொண்ணூறுக்கு ஒரே சொல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

டென்மார்க்குக்குப் போனால் இன்னும் வேடிக்கை. அங்கே ஐம்பதுக்குப் பெயர் ‘அரை மூன்றாவது இருபது’. அதாவது, இரண்டு இருபது முழுசாக, மூன்றாவது இருபதில் பாதி. நாற்பதும் பத்தும் ஐம்பது. தொண்ணூறு? நான்கு இருபது முழுசாக, ஐந்தாவதில் பாதி! பேசுகிறவர்கள் இன்று பாதிச் சொல்லை விழுங்கிவிடுவதால் பல டேனிஷ் பிள்ளைகளுக்கே இந்தக் கணக்கு தெரியாது. ஃபாஸ்டேக்!

நார்வேயில் ‘இருபத்தொன்று’ என்பதை ‘ஒன்றும் இருபதும்’ என்று தலைகீழாகச் சொல்லிவந்தார்கள். தொலைபேசி எண்கள் நீண்டபோது குழப்பம் வந்தது. நாடாளுமன்றமே தீர்மானம் போட, 1951-இல் வரிசை மாறியது. ஆனால் பாட்டிமார்கள் கேட்டார்களா? இன்னும் இரண்டு முறையும் காதில் விழுகின்றன. எட்டுக்கு அடுத்து ‘ஒன்பது’ சொல்லி, எண்பதுக்கு அடுத்து ‘தொண்ணூறு’ என்று தாவுகிற நாமும் இந்தக் கடையில் மெல்லச் சிரிப்பது நல்லது.

காப்பி முடிந்தது. நம் ஃப்ரெண்ட் ஊரிலிருந்து திரும்பியாயிற்று. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்கவேண்டும். ‘நீ’யா, ‘நீங்கள்’ஆ?

பிரெஞ்சில் ‘த்யூ’, ‘வூ’. ஜெர்மனில் ‘டூ’, ‘ஸீ’. இத்தாலியில் மரியாதைக்கு ‘லேய்’. அதற்கு ‘அவள்’ என்றும் பொருள். எதிரே நிற்கிற மீசைக்காரரை ‘அவள்’ என்று படர்க்கையில் அழைப்பதே அங்கே மரியாதை! இது பொறுக்காமல் 1938-இல் முசோலினியின் ஆட்சி ‘லேய்’ கூடாது, ‘நீங்கள்’ என்று பொருள்படும் ‘வோய்’ என்றே அழைக்கவேண்டும் என்று ஆணை போட்டது. இன்று முசோலினி இல்லை, ‘லேய்’ இருக்கிறது. சுவீடனில் ஒரு காலத்தில் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே “டாக்டர் காப்பி சாப்பிடுகிறாரா?” என்று மூன்றாம் மனிதரைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். 1967-இல் மருத்துவ நிர்வாகத் துறையின் தலைமைக்கு வந்த ப்ரோர் ரெக்ஸெட், ஊழியர் அத்தனை பேரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போகிறேன், என்னையும் அப்படியே அழையுங்கள் என்றார். நாட்டில் அப்போதே வீசத் தொடங்கியிருந்த காற்று அது. சில ஆண்டுகளில் நாடே ‘நீ’க்கு மாறிவிட்டது.

ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதானே, அதில் மரியாதையே இல்லையே என்று நம்மில் பலர் குறைப்படுகிறோம். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ‘யூ’ என்பது ‘நீங்கள்’. ஆங்கிலம் தொலைத்தது ‘நீ’யை! ‘தௌ’ என்று இருந்தது அந்த ‘நீ’. யாரைப் பார்த்தாலும் எதற்கு வம்பு என்று ‘நீங்கள்’ போட்டுப் போட்டு, ‘நீ’ வழக்கொழிந்தது. பெரியவன் சின்னவன் பார்க்கமாட்டோம் என்று பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் பிடிவாதமாக எல்லோரையும் ‘நீ’ என்றே அழைத்து வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். பழைய ஆங்கில வேதாகமத்தில் கடவுளை ‘தௌ’ என்று அழைப்பதைப் படித்து, ஆகா, எவ்வளவு பெரிய மரியாதை என்று நினைக்கிறோம். மரியாதையல்ல ஐயா, உரிமை! நம் பக்தர்கள் ஆண்டவனை ‘நீ’ என்று அழைக்கிறார்களே, அந்த உரிமை.

மீண்டும் நம் வாக்கியத்துக்கு வருவோம். ஜெர்மன் சாவடியில் இன்னொரு சோதனை. அதன் தலையில் ‘பிகாஸ்’ சேர்த்து ஒரு காரணத் தொடராக்குவோம். ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்கும். ஜெர்மனிலோ அது கடைசிக்கு ஓடிவிடும், நம் தமிழில் போலவே! வேறு சில வினைகளோ இரண்டாக உடையும். தலை ஓரிடத்தில், வால் வாக்கியத்தின் கடைசியில். வால் வரும்வரை பொருள் கையில் சிக்காது. ‘உம்ஃபாரன்’ என்றொரு சொல். ‘உம்’மில் அழுத்தினால் அது உடைகிற வினை: ‘வண்டியால் இடித்துத் தள்ளுவது’. ‘ஃபா’வில் அழுத்தினால் உடையாத வினை: ‘இடிக்காமல் சுற்றிக்கொண்டு போவது’. ஒரே எழுத்துக்கூட்டு. அழுத்தம் மாறினால், சாலையில் நிற்கிறவன் பிழைப்பான், அல்லது ஆஸ்பத்திரியில் இருப்பான்!

அடுத்து ரஷ்யா. இதுவரை பார்த்த அதிகாரிகளிலேயே கெடுபிடியானவர் இங்கேதான் இருக்கிறார். “உன் ஃப்ரெண்ட் ஆணா பெண்ணா?” இது முதல் கேள்வி. “நடந்து போனாரா, வண்டியில் போனாரா?” இது இரண்டாவது. நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறு வினை. “போனவர் போனவர்தானா, போய்விட்டுத் திரும்பிவிட்டாரா?” இது மூன்றாவது. அவன் நடந்து போனால் ‘பஷோல்’, அவள் நடந்து போனால் ‘பஷ்லா’. வண்டியில் அவன் போனால் ‘பயேஹல்’, அவள் போனால் ‘பயேஹலா’. ஆங்கிலத்தின் ஒற்றை ‘வென்ட்’டைக் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார் பாவம்? அந்த நண்பர் பஸ்ஸில் போனாரா என்று எழுதியவரையே தேடிப்போய்க் கேட்கவேண்டியதுதான்.

மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மொழியியலறிஞர் ரோமன் யாக்கப்சன், 1959-இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். அவர் சொன்னதன் சாரம் இது: சொல்ல முடியாதது என்று எந்த மொழியிலும் இல்லை. ஆனால் சொல்லியே ஆகவேண்டியது என்று ஒவ்வொரு மொழியிலும் சில உண்டு. அங்கேதான் மொழிகள் பிரிகின்றன. ஆங்கிலேயரும் ‘நடந்து போனாள்’ என்று சொல்லலாம், வேண்டுமானால். ரஷ்யர் சொல்லித்தான் தீரவேண்டும், வேண்டாவிட்டாலும்.

தெற்கே இறங்கி பல்கேரியாவுக்கு வாருங்கள். அங்கே ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார். “அவர் ஊருக்குப் போனதை நீ பார்த்தாயா? அல்லது யாராவது சொல்லக் கேட்டாயா?” பார்த்திருந்தால் ‘ஒதிதே’. கேள்விப்பட்டதென்றால் ‘ஒதிஷல்’. ஆங்கிலேயருக்கு இது புரிய அரைப் பக்கம் விளக்கம் வேண்டும். உங்களுக்கு ஓர் ‘ஆம்’ போதும். ‘போனார்’, ‘போனாராம்’! நம் வீட்டுத் திண்ணையில் எத்தனை ‘ஆம்’கள் புரள்கின்றன!

இனி வடக்குக் கோடி, ஃபின்லாந்து. வேற்றுமை எத்தனை என்று கேட்டால் பதினைந்து என்கிறார்கள். நம் எட்டை ஒப்பிக்கவே பிள்ளைகள் திணறுகிறார்கள்! ஆனால் அங்கே பால் கேள்வி கிடையாது. அவனுக்கும் ‘ஹேன்’, அவளுக்கும் ‘ஹேன்’. ஒன்று கூடினால் ஒன்று குறைகிறது. அங்கே ‘இல்லை’ என்பதே ஒரு வினை. நான் பேசவில்லை என்றால் ‘என்’, நீ பேசவில்லை என்றால் ‘எட்’, அவர் பேசவில்லை என்றால் ‘எய்’. மறுப்பே ஆளுக்கு ஆள் உருமாறும். பேசேன், பேசாய், பேசான் என்று எதிர்மறையை விகுதியோடு அடுக்கிய நம் பழந்தமிழைப் படித்தவருக்கு அங்கே கால் பதிக்க ஒரு படி கிடைக்கும். உறவு கொண்டாடச் சொல்லவில்லை. அயல்வீட்டிலும் அம்மி இருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

ஆக, எல்லோரும் கெடுபிடி, ஆங்கிலம் மட்டும் இலவசச் சாலையா? அதை ஒரு ரஷ்யரிடம் சொல்லிப் பாருங்கள், அழுதுவிடுவார். “ஒரு ஊரா, அந்த ஊரா? ‘அ’வா, ‘த’வா?” அவர் மொழியில் இந்தக் கேள்வியே இல்லை. “போகிறாரா, போய்க்கொண்டிருக்கிறாரா?” இதை ஜெர்மன்காரரிடம் கேட்டால், இரண்டும் ஒன்றுதானே என்பார். “போகவில்லை” என்று சொல்ல எதற்கு ‘டிட்’ என்று ஒரு சொல் குறுக்கே வந்து நிற்கிறது? அதற்குப் பொருள் என்ன? ஒன்றுமில்லை. ஐரோப்பிய மொழிக்காரர் பலருக்கு அது அர்த்தமில்லாத தூண். கேட்டைத் திறக்க நிற்கிற காவலாளி மாதிரி நிற்கிறது. ‘ஐ கோ, யூ கோ, தே கோ’ என்று விகுதியெல்லாம் உதிர்ந்த மரத்தில் ‘ஹி கோஸ்’ என்று ஒற்றை இலை மட்டும் எதற்குத் தொங்குகிறது? நாமும் அந்த ஒற்றை இலைக்காக எத்தனை பிரம்படி பட்டிருப்போம்! ஆங்கிலத்திலும் சாவடி உண்டு. நாம் சின்ன வயதிலேயே ஃபாஸ்டேக் ஒட்டிக்கொண்டோம்.

கடைசியாக, நம் கார் தமிழ்நாட்டு எல்லைக்கு வருகிறது. “மை ஃப்ரெண்ட் வென்ட் டு டவுன்.” இப்போது சொல்லுங்கள், இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நண்பன் போனானா? தோழி போனாளா? நண்பர் போனாரா? நம் சாவடி கேட்கிற கேள்வி தெரிகிறதா? ‘ஆணா பெண்ணா’வோடு நிற்பதில்லை நாம். ‘அவருக்கு எவ்வளவு மரியாதை?’ அதற்குப் பதில் சொல்லாமல் நம் ஊரில் ஒரு மனிதர் பட்டணத்துக்குக்கூடப் போக முடியாது! அதனால்தான் அந்த வாக்கியத்தை இவ்வளவு நேரம் தமிழில் சொல்லாமல் மூடியே வைத்திருந்தேன்.

இந்தச் சாவடியில் வந்து நின்றவர்களும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு தமிழ் படித்தார். படித்ததை லத்தீன் மொழியில் ஓர் இலக்கணமாக எழுதினார். அது 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகியது. கரண்டிக்கு ஆண்பால் கொடுத்த மொழியில் பிறந்தவர், ‘நாம்’ வேறு ‘நாங்கள்’ வேறு என்று பிரிக்கிற மொழியின் வாசலில் நின்றார். எதிரில் இருப்பவரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்ற அந்தக் கேள்வியை அவருடைய தாய்மொழி ஒருநாளும் கேட்டதில்லை. என் மருமகள் அங்கே போய் எதைக் கேட்டாளோ, அதை இங்கே வந்து கேட்க அவருக்கும் முழு உரிமை இருந்தது.

அவளுக்கு இப்போது என் பதில் இது. அம்மா, அது அநியாயம் இல்லை. அது அந்த ஊர்ச் சாவடி. நம் ஊர்ச் சாவடியை நீ பார்த்ததில்லை, ஏனென்றால் அங்கே உன்னை யாரும் நிறுத்தியதே இல்லை. ஒருமுறை அயலூரில் நின்று காசு கொடுத்துப் பார்த்தால்தான் சொந்த ஊரில் என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியும்.

நேரமாகிவிட்டது. முடிக்கிறேன். வீட்டுக்குப் போனதும், கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்பார்கள். வராதவர்கள் நாளைக்கு, “நேற்று யாரோ பேசினாராம்” என்பார்கள். அவர்கள் பல்கேரியச் சாவடியில் சரியாகக் காசு கட்டியவர்கள். நீங்கள் நேரில் கேட்டவர்கள், உங்களுக்கு ‘ஆம்’ கிடையாது. பேசினார் என்பீர்களா, பேசினான் என்பீர்களா? அது தமிழ்ச் சாவடியின் கேள்வி. அதில் தலையிட எனக்கு அதிகாரமில்லை.